கேளாமல் எடுக்கப்படும் முடிவுகள்: அறிவியல் காட்சிப்படுத்தலில் மென்பொருள் தேர்வு

அறிவியல் காட்சிப்படுத்தலுக்கும் அசைவூட்டத்துக்கும் உரிய மென்பொருள்களைப் பரிந்துரைக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் பட்டியல்களாகவே அமைகின்றன. பாராவியூ, மேட்லேப், மேட்பிளாட்லிப், மேனிம் எனப் பெயர்கள் நிரல்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றும் செய்யவல்லவை விரித்துரைக்கப்படுகின்றன. ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டிய வினா அவற்றில் விடுபடுகிறது. நாம் எதுவும் சொல்லாதபோது இம்மென்பொருள் நமக்காக என்ன முடிவெடுக்கிறது? முன்னிருப்பு எனப்படும் அம்முடிவை மாற்றாமல் விடுவோரே மிகுதி.

மேட்லேப், மேட்பிளாட்லிப் ஆகிய இரண்டும் நெடுங்காலம் எண்மதிப்புகளை 'ஜெட்' என்னும் வானவில் வண்ணவரிசையில் காட்டின. இவ்வரிசையில் மஞ்சளும் வெளிர்நீலமும் அண்டை நிறங்களைவிட ஒளிமிக்கவை. ஆகவே மதிப்புகள் சீராக உயரும் பரப்பிலும், தரவில் இல்லாத விளிம்புகள் கண்ணுக்குத் தோன்றுகின்றன. இதனை அழகியல் குறை என்று ஒதுக்க இயலாது. மிஷெல் போர்கினும் அவர்தம் ஹார்வர்டு குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இதயத் தமனிகளின் முப்பரிமாண வானவில் படங்களைக் கண்ட மருத்துவ மாணவர்கள் நோய் இடர் மிக்க பகுதிகளுள் 39 விழுக்காட்டையே இனங்கண்டனர். வடிவத்தை மாற்றாமல் வண்ணவரிசையை மட்டும் மாற்றியபோது அது 71 விழுக்காடாயிற்று. இருபரிமாண வடிவமும் சேர்ந்தபோது 91 விழுக்காட்டை எட்டியது.

மேட்லேப் 2014இலும் மேட்பிளாட்லிப் 2017இல் வந்த 2.0 பதிப்பிலும் வானவில்லைக் கைவிட்டன. எனவே, வண்ணவரிசையைக் குறிப்பிடாத ஒரே நிரல் பழைய பதிப்பில் ஒரு படத்தையும் புதிய பதிப்பில் வேறொரு படத்தையும் தரும். பதிப்பைச் சுட்டாமல் சங்கப் பாடலின் பாடவேறுபாட்டை விவாதிக்க ஒப்பாத நாம், ஆய்வேடுகளில் 'மேட்பிளாட்லிப் கொண்டு வரையப்பட்டது' என்பதோடு நிறைவடைகிறோம்.

அசைவூட்டத்தில் இச்சிக்கல் மென்பொருளோடு நிற்பதில்லை; படைப்போர் விருப்பமும் அதில் கலக்கிறது. ஹார்வர்டுக்காக 2006இல் உருவாக்கப்பட்ட 'உயிரணுவின் அகவாழ்வு' படத்தில் கைனசின் புரதம் வெற்றிடத்தில் நடப்பதுபோல் நிதானமாக அடியெடுத்து வைக்கிறது. உண்மையில் அது நெரிசல் மிக்க நீர்மத்தில் வெப்ப அசைவால் இடையறாது அலைக்கழிக்கப்படுவது. படம் கவர்ச்சியானது, வகுப்பறையில் காட்டுவோர் இவ்வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும்.

தமிழில் படம் வரைவோர்க்கு இன்னொரு முன்னிருப்பும் உண்டு. ஒருங்குறியில் எகர ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது; அதனை முன்னே நகர்த்திக் காட்டுவது எழுத்துருவாக்கும் பொறியின் பணி. மேட்பிளாட்லிப்பின் சொந்த எழுத்தமைப்பு நெடுங்காலம் இப்பணியைச் செய்யவில்லை. அதனால் 'பெயர்' என்று இட்ட தலைப்பு படத்தில் 'பயெர்' எனத் தோன்றும். சொல்நிகழ்வு வரைபடம் இடும் இலக்கண ஆய்வாளர்க்கு இது சிறு பிழையன்று. பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்தும் மேனிம் சமூகப் பதிப்பிலும், உலாவியின் எழுத்தமைப்பைச் சார்ந்த டி3 நூலகத்திலும் இத்தொல்லை இல்லை. கருவியைத் தேர்வதற்குமுன் 'கொள்கை', 'பௌவம்' போன்ற சில சொற்களை இட்டுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

பலர் அவ்வாறு செய்வதில்லை. படத்தை வரைந்து முடித்தபின் தமிழ்ப் பெயர்களைப் படத்தொகுப்பு மென்பொருளில் கையால் ஒட்டுகின்றனர். தரவு திருத்தப்பட்டுக் கோடுகள் நகரும்போது, ஒட்டிய பெயர்கள் பழைய இடத்திலேயே நின்றுவிடுகின்றன.