அண்ணாந்தாள்: கயிறு யார் கையில்?

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிற நம் தமிழறிஞர்களுக்குத் தண்டனைகளைச் சொல்லும்போது ஒரு பெருமை வந்துவிடுகிறது. கோதண்டம், அண்ணாந்தாள் என்று பட்டியல் போட்டு, "அந்தக் காலத்து வாத்தியார் கண்டிப்பு அப்படி, படிப்பும் அப்படி" என்று முடிப்பார்கள். அந்தத் திண்ணையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கேள்வி மட்டும் வராது.

கோதண்டம் ராமன் கை வில். பையனைக் கயிற்றில் தொங்கவிடுவதற்கு அந்தப் பேர். அதில் புராண வாசனை அடிக்கிறது. அண்ணாந்தாளில் அடிப்பது மாட்டுத் தொழுவத்து வாசனை. அண்ணாத்தல் என்றால் மேல்நோக்குதல். தாள் என்றால் கால். பையனின் ஒரு காலைத் தூக்கிக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, ஒற்றைக்காலில் நிற்க வைப்பது. மாடு மேய்த்த கிழவர்களிடம் கேட்டால் "அண்ணாங்கால்" என்பார்கள். ஓடுகிற மாட்டை, வெள்ளாமையில் வாய் வைக்கிற மாட்டைக் கழுத்தும் காலுமாகப் பிணைக்கிற கட்டு அது. தாளும் காலும் ஒண்ணுதான். தொழுவத்துக் கயிறுதான் திண்ணைக்கு ஏறியிருக்கிறது என்பது என் வாசிப்பு.

சரி, தொழுவத்தில் அந்தக் கயிற்றைப் பிடித்தது யார்? காரைக்குடி, சிவகங்கை எல்லாம் ராமநாதபுரம் மாவட்டமாக இருந்த காலம். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்க சாதியார் நம் மக்கள்மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றானது. பிள்ளைகளைப் படிக்க வைக்கக்கூடாது என்பது ஒரு தடை. அந்தப் பிள்ளைகள் மிராசுதாரர்களின் மாடுகளைத்தான் மேய்க்க வேண்டும் என்பது இன்னொன்று. ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆக, ஒரே சொல்லுக்கு ரெண்டு பிள்ளைகள். ஒருத்தன் திண்ணையில் கட்டப்பட்டான். வலித்தாலும் அரிச்சுவடி அவனுக்குக் கிடைத்தது. இன்னொருத்தன் காட்டில் மாட்டுக்கு அண்ணாங்கால் போட்டுக்கொண்டிருந்தான். தண்டனை வாங்குவதற்குக்கூட உள்ளே போயிருக்க வேண்டுமே! முதலாமவன் பேரன் தாத்தாவின் தழும்பை இலக்கியமாக்கினான். ரெண்டாமவன் கதை அந்த நினைவுக் குறிப்புகளில் இல்லை.

இப்போது உள்ளே வந்துவிட்டோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது. 2022இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாக ஒரு தலைமையாசிரியை கைதானார். இதைத் தண்டனை என்றுகூடச் சொல்ல முடியாது. தண்டனைக்கு ஒரு தப்பாவது வேண்டும். பழைய தண்டனைக்குச் சொற்பிறப்பு தேடுகிற நண்பர்கள், இதற்கு என்ன பேர் வைப்பது என்றும் கொஞ்சம் யோசிக்கட்டும்.