பாடுகளின் பாட்டும் அன்பின் கைம்மாறும்: மாதோட்டக் கரையின் பசாம் மரபு

மன்னார்ப் பெருநிலத்தின் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலம் பிறந்ததும் பாடப்படும் பசாம், அதாவது ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பாட்டு, இறைமகன் மனிதர்மேல் வைத்த அன்பினால் தம்மையே பலியாகக் கொடுத்ததை நினைந்து உருகுவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. அந்த அன்புக்குக் கைம்மாறாக அயலவரை நேசிக்கும் கடனைப் பாடுபவரும் கேட்பவரும் தம்மேல் ஏற்றுக்கொள்ளச் செய்வதே அதன் பயன் என்று மூத்தோர் கொண்டனர். இம்மலரை வெளியிடும் மன்றத்துப் பெரியோர் இப்பொருளைக் கேட்டுப் பணித்தமையால், மாதோட்டக் கரையில் வழங்கும் பாங்குகளும் அவற்றின் தராதரமும் அந்த நோக்கிலேயே இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

1544 இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் படையால் வெட்டுண்ட மன்னார் வேதசாட்சிகளையும், ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து மருதமடுவுக்கு மாதாவின் திருச்சுருவத்தைக் கொண்டுசென்ற குடும்பங்களையும் மன்றத்தாருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. குருமார் நாட்டுக்குள் வரவே தடை இருந்த அந்நாளில், கோவில்களில் செபம் சொல்லிச் சபையை ஒன்றாக வைத்திருந்தவர்கள் மூப்பர்மாரே. 1687 இல் வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளும், 1705 இல் வந்து 1742 இல் போலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியும் அந்த மூப்பர்மாரின் கைக்கு ஊழியத்தையும் நூல்களையும் கொடுத்தனர். கொன்சால்வெஸ் சுவாமியின் வியாகுல பிரசங்கம், அதாவது ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய உரை, இன்றும் தவக்காலத்தில் இராகத்தோடு இழுத்து வாசிக்கப்படுவது குருமார் இல்லாத காலத்தில் பொதுநிலையினர் வளர்த்த பழக்கத்தின் தொடர்ச்சி என்றே கொள்ளத் தகும்.

பாடுகளைப் பாடும் பசாமோடு இக்கரையில் வேறு கலைகளும் உண்டு. கூத்தில் யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என இரண்டு வழங்குவதும், முன்னதை வடபாங்கு என்றும் பின்னதைத் தென்பாங்கு என்றும் சொல்வதும் யாவரும் அறிந்தது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964 இல் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தையும் 1966 இல் மூவிராசர் நாடகத்தையும் பதிப்பித்ததால் இப்பாங்குகள் ஊருக்கு வெளியேயும் மதிப்புப் பெற்றன. பேசாலையின் உடக்குப்பாஸ், உடக்கு எனப்படும் உருவங்களைக் கொண்டு திருப்பாடுகளைக் காட்டும் தனி வழி. 1965 இல் தோன்றிய திருமறைக் கலாமன்றத்தின் வாயிலாக மரியசேவியர் அடிகள் யாழ்ப்பாணத்தில் வளர்த்த பாடுகளின் நாடகம், ஒளியும் பேரரங்கும் கொண்ட வேறொரு வழி. இவற்றுள் எதையும் குறைத்துச் சொல்வது முறையன்று. ஆயினும் காட்சியின் துணையின்றிக் குரல் ஒன்றினாலேயே சிலுவையை நிறுத்திக் காட்ட வேண்டியிருப்பதால், பசாமே இவை எல்லாவற்றிலும் கடினமானது.

இக்கரையின் ஊரான இலுப்பைக்கடவையில் பசாம் பயின்றோர் வழிவழியாகக் காத்த முறையில் மூன்று கட்டுப்பாடுகள் இருந்தன. ஆணி அறையப்படும் இடத்தில் குரலை உயர்த்தாமல் இறக்க வேண்டும் என்பது முதலாவது. மற்ற இடங்களில் ஓங்கி ஒலித்த குரல் அங்கே மூச்சளவாகத் தாழ, பின்பாட்டுக்காரரும் ஒரு கணம் தாமதித்தே பிடிப்பர், அந்த இடைவெளியில்தான் பெண்கள் பக்கத்திலிருந்து விம்மல் எழும். மாதாவின் பிரலாபத்தை, அதாவது மகனை மடியில் கிடத்தித் தாய் அழும் பகுதியை, இழவு வீட்டு ஒப்பாரியின் சாயலிலேயே பாட வேண்டும், அதில் மெருகு கூட்டலாகாது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் இம்முறையை மற்றவற்றிலிருந்து பிரித்தது: பகை வைத்திருப்பவர் பசாம் கொப்பியைத் தொடலாகாது. இம்முறையின் ஆசானாக விளங்கிய மூத்த அண்ணாவியார், வயல் வரம்பிலோ குளத்து நீர்ப் பங்கிலோ கரைவலைப் பாட்டிலோ பிணக்குப்பட்டவர் எத்துணை நல்ல குரலுடையவராயினும், எதிராளியின் வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்த பின்னரே கொப்பியை அவர் கையில் கொடுப்பார். ஆண்டவர் பெரிய வியாழன் இரவில் காலைக் கழுவியது தம்மைக் காட்டிக்கொடுக்க இருந்தவனையும் சேர்த்தே என்பதுதான் அவர் சொன்ன ஒரே விளக்கம். இராகத்தைத் திருத்துவதற்கு எடுத்த பொறுமையைக் காட்டிலும் இதற்கு அவர் எடுத்த பொறுமை பெரிது.

இக்கரையின் வரலாறே அயலவரை நேசிக்கும் இந்தக் கைம்மாற்றுக்குச் சான்று. வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகள் 1985 சனவரி 6 அன்று சுட்டுக்கொல்லப்பட்டது, மந்தையை விட்டு விலகாத மேய்ப்பரின் சாவு. போர் நெருங்கிய 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சுருவம் தேவன்பிட்டிக்கு வந்து தங்கியதும், அதே ஆண்டில் இக்கரையின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெயர்ந்து வன்னிக்குள் சென்றதும் மறக்கக் கூடியவையல்ல. பதுங்குகுழியிலும் பின்னர் முகாமின் கூடாரத்திலும் ஒரு பானைக் கஞ்சியை அடுத்த குடும்பத்தோடு பகிர்ந்தவர்கள், பசாம் பாடித்தான் அதைக் கற்றார்கள் என்று வாதிட முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே தவக்காலத்தில் செய்தவர்கள் அவர்கள்.

இன்றைய நிலையைச் சொல்லும்போது எவரது பக்தியையும் ஐயுறுவதாகக் கொள்ளலாகாது. இளைஞர் பாட முன்வருவதே பாராட்டுக்குரியது. என்றாலும் சில இடங்களில் சினிமா மெட்டு பிரலாபத்துக்குள் புகுந்திருப்பதையும், பதிவு செய்த வாத்தியத்துக்கு ஏற்பப் பாட்டின் ஓட்டம் கட்டுப்படுவதையும், ஆணி அறையும் அடியில் ஒலிபெருக்கி அலற அலறக் குரல் உயர்வதையும் கேட்டுச் சும்மா இருப்பது எங்ஙனம்? நேரம் போதவில்லை என்று பிரலாபத்தையே வெட்டுகிறார்கள். மகனைப் பறிகொடுத்த தாய்மார் நிறைந்த ஊர்களில் தாயின் அழுகைக்கு நேரமில்லையாம். கைத்தொலைபேசியின் திரையைப் பார்த்துப் பாடுபவருக்கு அடுத்த அடி எதுவென்றே தெரிவதில்லை. மனப்பாடமாக இருந்த ஒரு பசாமை அரைகுறையாக வாசித்துக் கைதட்டலும் பெறுகின்றனர். பெரிய வெள்ளியில் கைதட்டல்! போட்டி வைத்துப் பரிசளிக்கத் தொடங்கிய பின் ஊருக்கும் ஊருக்கும் மனத்தாங்கல் வளர்ந்து, தோற்ற குழு வென்ற குழுவின் கோவில் திருநாளுக்கே போகாத நிலையும் வந்துவிட்டது. பகை தீர்த்துவிட்டுப் பாட வேண்டிய பாட்டே பகைக்குக் காரணமானால், கெத்செமனித் தோட்டத்தில் உறங்கிய சீடர்களைக் குறை சொல்லும் உரிமை இத்தலைமுறையில் எவருக்கு உண்டு? இந்நிலை நீடித்தால் பசாம் என்ற பெயர் மட்டுமே எஞ்சும்.

இடப்பெயர்வில் அழிந்தவை போக மிஞ்சிய கைப்பிரதிகள் சில முதியவர்களின் பெட்டகங்களில் உள்ளன. அவற்றில் இராகக் குறிப்பு இல்லை, அது அவர்களின் தொண்டையில்தான் இருக்கிறது. மன்றம் அடுத்த தவக்காலத்துக்கு முன் அவர்களை அழைத்து, இளையோர் நால்வரையேனும் பக்கத்தில் இருத்தி, பிரலாபம் முழுவதையும் வெட்டாமல் பாடச் செய்து பதிய வேண்டும். போட்டியை நிறுத்துவது பற்றியும் அந்தக் கூட்டத்திலேயே பேசலாம். பாடவரும் நால்வருள் எவருக்கேனும் பிணக்கு இருந்தால், கொப்பி கைக்கு வருமுன் அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பையும் பெரியோர் ஏற்பாராக.