ஆரத்தி சாஹாவின் இரண்டு மாதங்களும் நம் ஆறு நாள்களும்

வடக்குக் கொல்கத்தாவின் தேசபந்து பூங்காக் குளத்தில் 1959 ஏப்ரல் 13 அன்று ஆரத்தி சாஹா எட்டு மணி நேரம் கரையேறாமல் நீந்தினார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. கரையில் ஆயிரக்கணக்கானோர் நின்று பார்த்தார்கள். ஜூலையில் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஆகஸ்ட் இறுதியில் நடந்த முதல் முயற்சியில் உடன்வர வேண்டிய படகு தாமதமாக வந்தது. கரைக்குச் சில மைல் தொலைவில் எதிர்நீரோட்டம் அவரை நகரவிடவில்லை. தோற்று, படகில் ஏறினார். ஆனால் ஊர் திரும்பவில்லை. அங்கேயே தங்கி, அந்தக் குளிர்நீரில் மேலும் ஒரு மாதம் பழகி, செப்டம்பர் 29 அன்று 16 மணி 20 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர்தான்.

அந்த இரண்டு மாதங்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இன்றைய கொல்கத்தா டிரையத்லான்காரர்களைப் பற்றி எழுதுகிறேன். மருத்துவர், மென்பொருள் ஊழியர், வங்கி அதிகாரி என்று பலரும் இப்போது முழு அயர்ன்மேன் தூரத்துக்காக விமானம் ஏறுகிறார்கள். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம்; எல்லாம் 17 மணி நேரத்துக்குள். 1978-இல் ஹவாயில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்த போட்டி இன்று உலகெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. எந்தக் கிளையைப் பிடிப்பது என்பதில்தான் நம்மவர்கள் பலர் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். போவது சரி, போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை சரியில்லை.

போவது ஏன் சரி? கொல்கத்தாவில் மிதிவண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. 2013-இல் நகரக் காவல்துறை 174 சாலைகளில் மிதிவண்டியைத் தடைசெய்தது. பின்னர் பட்டியல் சுருங்கினாலும், பெரிய சாலைகளில் மிதிவண்டி இன்றும் வேண்டாத விருந்தாளிதான். அதனால் நீண்ட தூரம் பயில்கிறவர்கள் விடியுமுன் நியூ டவுனுக்கோ கல்யாணி விரைவுச்சாலைக்கோ, லாரிகள் பாயும் பம்பாய் ரோட்டில் கோலாகாட் வரையோ போகிறார்கள். தண்ணீரின் கதையும் இதுதான். ஹூக்ளியில் ஏற்றவற்றம் பலமானது, பான் என்று இங்கே சொல்லும் ஓத அலையும் வரும். ரவீந்திர சரோவர் ஏரியில் 2022 மே மாதம் படகுப் பயிற்சியிலிருந்த இரண்டு பள்ளி மாணவர்கள் கோடைப் புயலில் மூழ்கி இறந்தார்கள். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு அந்த ஏரி தினசரி நடைபாதை. அன்றைக்குப் பிறகு அதை வெறும் அழகான நீர்ப்பரப்பாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

நன்றாக நடத்தப்படும் வெளிநாட்டுப் போட்டியில் சாலை மூடப்பட்டிருக்கும், நீரில் காவல் படகுகளும் மீட்பர்களும் இருப்பார்கள். இதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்று மீட்கப்பட்டவர்களையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள் 135 நிகழ்வுகளைக் கணக்கிட்டார்கள். அவற்றில் 90 நீச்சலின்போது நடந்தவை. அவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் தண்ணீர்தான் அதிகம் பலி கொள்கிறது. கரையில் யார் காத்திருக்கிறார்கள் என்பதற்காகப் பணம் செலவழித்து வெளியே போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தியாவுக்குள் 2019-இல் கோவாவின் மிராமர் கடற்கரையில் தொடங்கிய அயர்ன்மேன் போட்டி பாதித் தூரம்தான். முதற்படிக்கு அது போதும். முழுத் தூரத்துக்குப் போதாது.

இனி தேர்வு. என் அடுத்த தெரு நண்பர் ஒருவர் ஐரோப்பிய மலை ஏரி ஒன்றின் படத்தைப் பார்த்துப் பதிவு செய்தார். நீலத் தண்ணீர், பின்னால் பனிமலை. ஓராண்டு உழைப்பு. மிதிவண்டிப் பகுதியில் ஏற்றத்துக்கு மேல் ஏற்றம் வந்தது. கொல்கத்தாவில் அவர் கண்ட ஒரே ஏற்றம் மேம்பாலம், அதிலும் பெரும்பாலானவற்றில் மிதிவண்டிக்கு அனுமதி கிடையாது. நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் தொடை பிடித்துக்கொண்டது. கட்-ஆஃப் நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் பிந்தினார். உழைப்பில் குறை இல்லை, கால்களிலும் குறை இல்லை. அவர் பழகிய தரைக்கும் ஓட்டிய தரைக்கும் உறவே இல்லை, அவ்வளவுதான்.

கொல்கத்தா உடலுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது? சமதளம், புழுக்கம், வெதுவெதுப்பான நீர். எதைக் கற்றுக்கொடுப்பதில்லை? ஏற்றம், குளிர்நீர், திறந்த கடலின் அலை. போட்டிப் பட்டியலைத் திறக்கும் முன் இந்த இரண்டு வரிசைகளையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பயில முடியாத விஷயங்களில் ஒன்றுக்கு மேல் கேட்கும் போட்டியை முதல் முறை தொடவே கூடாது என்பது என் கருத்து.

இந்த அளவுகோலில் மலேசியாவின் லங்காவியை வைத்துப் பாருங்கள். கடல்நீர் வெதுவெதுப்பானது, வெட்சூட் என்னும் குளிர்காப்பு நீச்சலுடை தேவையில்லை. காற்றின் ஈரம் நம் ஊர்க்காரருக்குப் பழக்கமானது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு, கடிகார வேறுபாடு இரண்டரை மணி மட்டும். ஆனால் தீவின் உட்பகுதியில் மேடுகள் உண்டு, வெயிலும் கொடியது. புழுக்கத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் சூடு எளிதில் இறங்காது. ஐரோப்பியர் நிலைகுலையும் இடத்தில் கொல்கத்தாக்காரருக்குக் கொஞ்சம் சாதகம் கிடைக்கும், அவர் வெயிலில் பயின்றிருந்தால். குளிரூட்டிய அறைக்குள் ட்ரெய்னரில் மட்டும் மிதித்தவருக்கு அதுவும் கிடைக்காது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பஸ்ஸல்டன் இதற்கு நேர் எதிர். சாலை தட்டை, நம் கால்களுக்கு ஏற்றது. நீச்சல் 1841 மீட்டர் நீளமுள்ள மரப்பாலத்தைச் சுற்றி. தண்ணீர் குளிர்ந்தது, வெட்சூட் அணிய வேண்டும், டிசம்பர் காற்று பலமாக இருக்கும். 2017-இல் சுறா தென்பட்டதால் அங்கே நீச்சலையே ரத்து செய்தார்கள். கசாக்கிஸ்தானின் அஸ்தானாவும் தட்டை. 14 நாள்வரை விசா வேண்டாம். நம் கடிகாரத்துக்கு அரை மணி நேரம்தான் பின்னால். அங்கும் நீர் குளிர்ந்தது. மூன்றில் எனக்கு எது? முதல் முறை போகிறவருக்கு அஸ்தானாவையோ பஸ்ஸல்டனையோ சொல்வேன். வெட்சூட்டில் நீந்துவதைச் சில வாரங்களில் பழகலாம், நீரின் குளிரைப் போட்டிக்கு முந்தைய நாள்களில் அங்கேயே போய்ப் பழகலாம். மேட்டை அப்படிப் பழக முடியாது, அதற்கு மாதங்கள் வேண்டும். புருலியாவின் அயோத்தியா மலைக்கோ டார்ஜிலிங்குக்கோ வாராவாரம் போய்வர யாரால் முடியும்?

நாள்காட்டியும் ஒரு போட்டியாளர்தான். நவம்பரில் லங்காவி என்றால், ஆகப் பெரிய மிதிவண்டிப் பயிற்சிகள் துர்கா பூஜைக் காலத்தில் வந்து விழும். அலுவலகம் விடுமுறை, உண்மை. ஆனால் மூங்கில் பந்தல்கள் சாலையை அடைத்திருக்கும், பஞ்சமி முதல் தசமி வரை விடியும்வரை ஜனம் தெருவில் இருக்கும். மார்ச், ஏப்ரலில் வெப்பநாட்டுப் போட்டியைத் தேர்ந்தெடுத்தால் வேறொரு சிக்கல். பயிற்சி முழுவதும் கொல்கத்தாவின் குளிர்காலத்தில் நடக்கும், அப்போது காற்றும் மாசடைந்திருக்கும், உடல் வெப்பத்தை மறந்துவிடும். வெப்பத்துக்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும், அந்தப் பழக்கம் சில வாரங்களில் கரைந்தும் போகும்.

இங்கேதான் ஆரத்தி சாஹா மீண்டும் நினைவுக்கு வருகிறார். நம்மவர்களின் வழக்கமான பயணத்திட்டம் ஆறு நாள்: வியாழன் இறங்கு, வெள்ளி பதிவு, சனி மிதிவண்டியைக் கொண்டுபோய் ஒப்படை, ஞாயிறு போட்டி, திங்கள் உறக்கம், செவ்வாய் விமானம். பெடல், ஹேண்டில், சக்கரம் எல்லாம் கழற்றிப் பெட்டியில் அடைத்தால் இருபது கிலோவைத் தாண்டுகிறது; இறங்கிய இரவே அத்தனையும் பூட்ட வேண்டும். ஒரு கியர் கம்பி வளைந்திருந்தால் வெள்ளிக்கிழமை முழுதும் கடை தேடுவதில் போய்விடும். (புறப்படும்போதே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது விலையுயர்ந்த மிதிவண்டியை வெளிநாட்டில் வாங்கியதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) அந்த ஊரின் காற்று எந்த நேரத்தில் திரும்புகிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அறிய ஒரு நாளும் மிஞ்சுவதில்லை. வேலையில் இருப்பவர் இரண்டு மாதம் தங்க முடியாதுதான். இரண்டு போட்டிகளுக்குப் போகும் பணத்தையும் விடுப்பையும் ஒரே போட்டியில் போட்டுப் பன்னிரண்டு நாள் தங்கலாமே.

அருகில் தொடங்குவதை இழுக்காக நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கொல்கத்தா வழக்கறிஞர் மிஹிர் சென் 1958-இலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த இந்தியர். ஆனாலும் 1966-இல் ஒரே ஆண்டில் ஐந்து நீர்ப்பரப்புகளைக் கடக்க இறங்கியபோது அவர் முதலில் தொட்டது பாக் நீரிணையை. ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் எல்லாம் அதன் பிறகுதான். அந்தச் சாதனையை 1994-இல் ஆறாக உயர்த்திய, அப்போது சிறுவனான நம் குற்றாலீஸ்வரனும் அந்த ஆண்டை பாக் நீரிணையில்தான் தொடங்கினார். அந்தச் சிறுவனுக்குத் தெரிந்த வரிசை, மூன்று லட்சம் ரூபாய் மிதிவண்டி வாங்குகிறவர்களுக்கு ஏன் தெரிவதில்லை?

இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆரத்தியின் பயிற்சியை ஊர் பார்த்தது. முதலமைச்சர் பிதான் சந்திர ராய் வரை உதவிக்கு வந்தார்கள். இன்று நெடுநாள் பாடுபடும் ஒருவர் மூன்றரை மணிக்கு எழுந்து, யாரும் காணாத நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டி, வெளிநாட்டில் பதக்கம் வாங்கி வருகிறார். அவருடைய குடியிருப்பின் காவலாளிக்குக்கூட அது தெரியாது. நுழைவுக் கட்டணம், விமானம், விடுதி என்று அவர் செலவிடும் லட்சங்கள் அந்த ஊரின் சாலையை மூடவும் அந்த ஊரின் காவல் படகுக்கு எண்ணெய் ஊற்றவும் போகின்றன. நியூ டவுனில் ஞாயிறு காலை ஐந்து முதல் எட்டு வரை ஒரு வட்டச் சாலையை மூடித் தாருங்கள் என்று காவல்துறையிடம் சேர்ந்து கேட்க இத்தனை பேர் இருந்தும் ஒரு வலுவான குரல் எழவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே வெளியேறும் வழியைக் கண்டுபிடித்துவிட்டதால், உள்ளே வழி கேட்க ஆளில்லை.

நண்பர் மறுபடி பதிவு செய்யப்போகிறார். போன வாரம் சரோவர் கரையில் கேட்டார், இந்த முறை எங்கே போகலாம் என்று. தட்டையான ஊராகப் பாருங்கள், பத்து நாள் முன்னால் போய்ச் சேருங்கள் என்றேன். அதற்கு முன் ஒரு ஞாயிறு மாலை, நியூ டவுன் சாலைக்கான மனுவில் கையெழுத்துப் போட வரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொன்னார்.