கூலி வாங்காத ஆட்டம்

1948 அக்டோபர் 2. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் விக்டோரியா ஃபுட்பால் லீக்கின் இறுதியாட்டம். ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்தில் கோலுக்கு 6 புள்ளி, பக்கவாட்டில் விலகிப்போகும் ‘பிஹைண்டு’க்கு 1. எஸண்டன் 7 கோலும் 27 பிஹைண்டும் அடித்தது. மெல்போர்ன் 10 கோலும் 9 பிஹைண்டும். இரு பக்கமும் 69. லீக் வரலாற்றில் இறுதியாட்டம் சமனில் முடிந்தது அதுவே முதல் முறை. மறு வாரம் திரும்ப ஆடி, மெல்போர்ன் 89–50 என்று வென்றது.

வென்ற அணியின் தலைவர் டான் கார்டனர் ஒரு மருத்துவர். ஆடுவதற்குக் காசு வாங்காதவர். 1946இல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை வென்றதும் அமெச்சூராகத்தான். அவருடைய தம்பி டெனிஸ் 1948இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பிளாக்ஸ் அணிக்காக அமெச்சூர் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் இறுதியாட்டத்துக்கு அழைக்கப்பட்டார். ஒரு கல்லூரி அணியின் பருவத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது. ஆனால், இந்த மரியாதையை யார் யாரால் தேடிக்கொள்ள முடிந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

இந்த வழக்கத்தின் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1908இல் பல்கலைக்கழக அணியே நேரடியாக லீக்கில் சேர்ந்தது. கார்டனர் சகோதரர்களின் தந்தை அதில் ஆடியவர். மெட்ரிகுலேஷன் தேறியவர்களுக்குத்தான் அணியில் இடம். 1911இல் ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரலாம் என்று லீக் வெளிப்படையாக அனுமதித்தது. மற்ற அணிகள் கொடுத்தன, பல்கலைக்கழகம் கொடுக்கவில்லை. தேர்வும் படிப்பும் வேறு ஆட்களை இழுத்துக்கொண்டன. விளைவு, 1912 முதல் 1914 வரை தொடர்ந்து 51 தோல்விகள். ஏழு பருவங்களில் 126 ஆட்டங்கள் ஆடி, 27 வெற்றியோடு லீக்கைவிட்டு விலகியது.

இந்தக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. 1913ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பருவத்தில் அணி ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. ஆனாலும் லீக்கில் அதிக கோல் அடித்தவர்களுள் ஒருவர் அந்த அணியின் ராய் பார்க்: 53 கோல். மருத்துவம் படித்தவர், பின்னால் ஆஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் கிரிக்கெட்டும் ஆடியவர். வாராவாரம் தோற்கும் அணியில், கூலியும் இல்லாமல், முழு மூச்சோடு ஆடுவதற்கு ஆட்டத்தின் மீது உள்ள பற்றைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. அமெச்சூர் மரபின் உண்மையான வலு இதுதான். பணத்துக்காகச் சேர்ந்த அணி பணம் தீர்ந்ததும் கலைந்துவிடும். பல்கலைக்கழக அணியோ லீக்கைவிட்டு இறங்கிய பிறகும் பிளாக்ஸ், புளூஸ் என்று இரண்டாகக் கிளைத்து, விக்டோரியாவின் அமெச்சூர் ஃபுட்டி சங்கத்தில் இன்றும் ஆடுகிறது.

குறை எங்கே இருக்கிறது? காசு வாங்காமல் ஆட, காசு தேவைப்படாத நிலை வேண்டும். மருத்துவ மாணவனுக்குச் சனிக்கிழமை மதியம் ஓய்வு. மெல்போர்னின் ரிச்மண்ட், காலிங்வுட் பகுதிகளின் ஆலைத் தொழிலாளிக்குக் கால் முறிந்தால் அந்த வாரமே அடுப்பு எரியாது. 1930இல் லீக் கொண்டுவந்த கூல்டர் சட்டம் ஆட்டத்துக்கு 3 பவுண்டுதான் உச்சம் என்றது. பொருளாதாரச் சரிவில் வேலை போனவனுக்கு அந்த 3 பவுண்டு ஒரு குடும்பத்தின் சோறு. அதை வாங்கியவனைத் தூய்மையில் குறைந்தவன் என்று பார்த்தது வர்க்கப் பார்வை. அமெச்சூர் என்ற சொல் அதற்கு நல்ல சட்டை மாட்டிவிட்டது. படிப்புச் சான்றிதழ் கேட்ட கதவு ஏழையை வெளியே நிறுத்தியது. பெண்களுக்கோ அமெச்சூர் சங்கத்தின் போட்டிக் கதவு 2017இல்தான் திறந்தது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் இந்த முரணைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. ஃபுட்டியை உலகுக்கு அறிமுகப்படுத்த ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். ஒலிம்பிக் விதிப்படி கூலி வாங்கியவர்கள் இறங்கக் கூடாது. அதனால் அமெச்சூர் சங்க அணியும், மற்ற இரு போட்டி அமைப்புகளில் இருந்த அமெச்சூர்களைத் திரட்டிய அணியும் மோதின. அமெச்சூர் சங்கம் 81–55 என வென்றது. நாட்டின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பார்வையாளர்களாகத்தான் இருக்க முடிந்தது.

அதே ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4–2 என்று வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது, ஆசியாவிலிருந்து முதல் அணியாக. அந்தக் குழுவில் இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் நீலகிரி வெல்லிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சிப்பாய். அவருக்கும் ஆட்டத்துக்கென்று கூலி இல்லை, ஆனால் மாதாமாதம் ராணுவச் சம்பளம் உண்டு. ஆட்டம் ஆசைக்கு, வேலை வயிற்றுக்கு என்ற நம் ஊர் ஏற்பாட்டில் குறைகள் உண்டு. ஆனாலும் ஏழை வீட்டுப் பிள்ளையைக் களத்துக்குக் கொண்டுவந்தது அதுதான்.

ஆகவே, கூலி வாங்காமல் ஆடுவது நல்ல மரபு, அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் அடிபட்டவனின் சம்பள இழப்பைச் சங்கம் ஏற்க வேண்டும். சீருடைக்கும் பூட்ஸுக்கும் வழியில்லாதவனுக்கு அதையும் கொடுக்க வேண்டும். சான்றிதழோ குலமோ பாலோ கேட்கும் வாசல் எங்கும் இருக்கக் கூடாது. காசு வாங்காமல் ஆடிய கார்டனர்களை நான் மனதார மதிக்கிறேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றிருந்தவர்களும் அதே மரியாதைக்கு உரியவர்களே.