பகத் சிங்கின் நாத்திகமும் நம் பிரசங்க பீடமும்

பொதுவுடைமையும் நாத்திகமும் ஒன்றே என்று நம் பிரசங்க பீடங்களில் பல்லாண்டுகளாகக் கூறி வருகிறோம். இக்கூற்றைச் சோதிக்க ஒரு சிறு நூல் போதும். பகத் சிங் 1930இல் லாகூர்ச் சிறையில் எழுதிய ‘நான் நாத்திகன் ஏன்?’ என்னும் கட்டுரையை, 1930களின் நடுவில் ப. ஜீவானந்தம் தமிழாக்கினார். ஈரோட்டிலிருந்து பெரியாரின் இயக்கத்தார் வெளியிட்டனர். அரசு ஜீவாவைச் சிறைப்படுத்தியது.

மார்க்சையும் லெனினையும் தாம் பயின்றதை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆயினும் அவர் வாதத்தின் உயிர்நாடி அவர்களிடமிருந்து வந்ததன்று. மார்க்சுக்கு மதம் துன்புறும் சமுதாயத்தின் நிழல். சமுதாயம் மாறினால் நிழலும் நீங்கும். ஆகவே கடவுளோடு வழக்காட அவருக்குத் தேவையில்லை. பகத் சிங்கோ வழக்காடுகிறார். முற்பிறவி வினை என்னும் விளக்கத்தை மறுக்கும் முன்பே நம் பக்கம் திரும்புகிறார்: ஆறு நாள் படைத்து, நாள்தோறும் நல்லது என்று கண்டவர் இன்றைய சிறைகளையும் சேரிகளையும் வந்து பார்க்கட்டும் என்பது அவர் அறைகூவல். ஜென்ம பாவம் என்று ஒரே சொல்லில் இதற்கு விடையளிப்போர் யோபின் நண்பர்களுடைய வரிசையில்தான் அமர்கிறார்கள். ஆபகூக்கும் ஏறத்தாழ இதையே கேட்டார். கர்த்தரிடமே கேட்டார் என்பதே வேறுபாடு.

நூலின் குறை வேறிடத்தில் உள்ளது. ஆசிரியர் சர்வவல்லவரை மட்டுமே விசாரிக்கிறார். சிலுவையில் தொங்கியவரை அவர் கணக்கில் எடுக்கவில்லை. தூக்குமேடையை எதிர்நோக்கியிருந்த அவ்விளைஞருக்கு அவரை நாம் காட்டினோமா என்பதும் கேட்கத்தக்கதே.

வரலாறும் அந்தச் சமன்பாட்டுக்கு இடந்தரவில்லை. 1932 டிசம்பரில் ஈரோட்டில் பெரியாரும் சிங்காரவேலரும் சமதர்மத் திட்டம் வகுத்தனர். 1936க்குள் அவ்வணி பிளந்தது. பெரியார் அத்திட்டத்தைத் தளர்த்தினார், நாத்திகத்தைத் தளர்த்தவில்லை. ஜீவா பொதுவுடைமையில் நின்றார். பின்னாளில் மேடைதோறும் கம்பனைப் போற்றினார்! லெனினும் 1905இல், விண்ணுலகைப் பற்றிய கருத்தொற்றுமையைவிடத் தொழிலாளரின் போராட்ட ஒற்றுமையே முக்கியம் என்று கூறி, கட்சித் திட்டத்தில் நாத்திகத்தைச் சேர்க்காததற்குக் காரணம் காட்டினார். அவர் அமைத்த அரசு பின்னர் திருச்சபையை ஒடுக்கியது. அதை மறைப்பது நேர்மையன்று.

சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் நால்வர் ஒரு கொலை வழக்கில் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுடைய சங்கம் போராடியது ஆலையில் நிகழ்ந்த கொடுமைகளை எதிர்த்தே. கடவுள் இல்லை என்று நாட்டுவதற்கன்று. ஆண்டுதோறும் அந்நாளில் செங்கொடி ஏந்தி நடப்போரை நாத்திகர் என்ற ஒரு சொல்லால் நம்மில் சிலர் ஒதுக்கிவிடுகிறோம்.

இந்நூலை எதிர்ப்பு நூல்களின் அலமாரியிலிருந்து எடுத்து, யோபு ஆகமம் நடத்தும் வகுப்பில் மாணவர் கையில் கொடுக்கலாம்.