களிமண்ணும் பூஞ்சண விஷமும்

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பண்ணைகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, காரணம் இன்னதென்று அறியாத மருத்துவர்கள் அதற்கு ‘எக்ஸ் நோய்’ என்றே பெயரிட்டு வைத்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் படர்ந்திருந்த ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய விஷமே அப்பறவைகளின் ஈரலைக் கெடுத்தது என்று பின்னர் தெளிந்து, அவ்விஷம் அஃப்ளடாக்ஸின் என்ற பெயரைப் பெற்றது. பூஞ்சணம் செத்த பிறகும் அந்த விஷம் சாவதில்லை. தீவன ஆலையின் நீராவிச் சூட்டுக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் சுத்தமாகத் தோன்றும் மூட்டையிலும் அது இருக்கக்கூடும். தானியத்திலிருந்து அதைப் பிரித்தெடுப்பது இவ்வளவு கடினமாயிருக்கவே, கால்நடையின் வயிற்றுக்குள்ளேயே அதை மடக்கிப் பிடித்துச் சாணத்தோடு வெளியே அனுப்பிவிடலாகாதா என்ற யோசனை பிறந்தது. அந்த யோசனைக்குக் கைகொடுத்தது களிமண்.

எல்லாக் களிமண்ணும் இதற்கு உதவாது. பெண்டோனைட் என்று வழங்கும் மண்ணில் மிகுதியாயுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் தாது, சுவடியின் ஏடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய மிக மெல்லிய தகடுகளால் ஆனது. அத்தகடுகளுக்கு நடுவே கால்சியம், சோடியம் முதலியவற்றின் அயனிகளும் நீரும் தங்கியிருக்கின்றன. அஃப்ளடாக்ஸினின் மூலக்கூறோ தட்டையானது. ஆகவே அது இந்த இடுக்குகளில் நழுவிப் புகுந்து, அங்குள்ள அயனிகளோடு பிணைந்து, குடலின் சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலக்க வழியின்றி நின்றுவிடுகிறது. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்து விஞ்ஞானிகள், கோழித்தீவனத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு இவ்வினத்து மண்ணைக் கலந்து, விஷம் உண்ட குஞ்சுகளின் வளர்ச்சி பெருமளவு காப்பாற்றப்படுவதை நிரூபித்தார்கள். மலிவான பொருள், தானும் செரிமானமாகாமல் வெளியேறிவிடுவது, பெரிய யந்திர சாதனம் எதையும் வேண்டாதது. இந்த மூன்று குணங்களும் ஒரே பதார்த்தத்தில் கூடுவது அபூர்வம் என்பதில் ஐயமில்லை.

இதன் பிரயோஜனம் கறவைமாட்டின் விஷயத்தில்தான் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. மாடு உண்ட அஃப்ளடாக்ஸினில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆறு பங்கு வரை, எம்-1 என்ற மாற்றுருவத்தில் பாலில் இறங்குகிறது. அந்தப் பாலைக் குடிப்பது குழந்தை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடெங்கும் திரட்டிய 6,432 பால் மாதிரிகளில், இந்த எம்-1 வரம்பு மீறிக் காணப்பட்டவை 368. அவற்றுள் வேறெந்த மாநிலத்தையும்விட மிகுதியானவை தமிழ்நாட்டைச் சேர்ந்தவை என்ற செய்தி நமக்குப் பெருமை தருவதன்று. நீர் கலந்த பாலைப் பற்றி நூறு வருஷமாகப் புலம்பும் நாம், புண்ணாக்கின் வழியாக வரும் இந்தத் தோஷத்தைப் பற்றி வாய் திறப்பதேயில்லை. ஆயினும் மண்ணின் சக்தியை அளவறிந்து சொல்லவேண்டும். ஆரம்ப காலத்துப் பரிசோதனை ஒன்றில், கறவை மாட்டின் தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு மண் கலந்தபோதும் பாலில் இறங்கிய விஷம் பாதியளவுகூடக் குறையவில்லை. வரம்பைப் போல மூன்று மடங்கு விஷமுள்ள பாலை இத்தகைய சிகிச்சை வரம்புக்குள் கொண்டுவந்து விடாது என்பதைக் கணக்குப் பார்த்தே அறியலாம்.

இந்தக் குறை மன்னிக்கத்தக்கது. ஏனெனில் பாலைச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். மண் தன் வேலையை மூட்டைக்குள் செய்வதில்லை, வயிற்றுக்குள் செய்கிறது. ஆதலால் தீவனத்தை எத்தனைமுறை ஆய்வுக்கு அனுப்பினாலும் அதன் வெற்றி தோல்வி வெளிப்படாது. பால் ஒன்றே எளிதில் கிடைக்கும் சாட்சி. முட்டைக்கோழி வளர்ப்பவருக்கு இப்படிப்பட்ட சாட்சி இல்லை. இந்த விஷம் முட்டையில் இறங்குவது மிகச் சொற்பம். நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைக்காரர் ‘டாக்ஸின் பைண்டர்’ என்ற பெயரில் வாங்கிக் கலக்கும் பொடி வேலை செய்கிறதா இல்லையா என்பதை, முட்டை குறைந்ததா கூடியதா என்ற கணக்கைக்கொண்டு ஊகிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி அரிது. முட்டை குறைவதற்கோ வெயில் முதல் வெள்ளைக் கழிச்சல் வரை ஆயிரம் காரணங்கள் உண்டு. சாட்சியில்லாத இடத்தில்தான் விளம்பரத்தின் குரல் ஓங்குகிறது.

அந்த விளம்பரம் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. பூஞ்சண விஷங்கள் பல. மக்காச்சோளத்தில் ஃபியூமோனிஸின், ஸியரலெனோன், டி-2 என்று வேறு பலவும் கூடி வாழ்கின்றன. தகட்டின் இடுக்கில் தட்டையான அஃப்ளடாக்ஸின் நுழைவதுபோல் இவை நுழைவதில்லை. சோதனைக் குழாயில் அமிலநீர் ஊற்றிக் குலுக்கும்போது ஓரளவு ஒட்டிக்கொள்வதாகத் தோன்றுபவையும், பித்தமும் புரதமும் கொழுப்பும் நிறைந்த குடலில் நழுவிவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் பெண்டோனைட்டுக்கு அனுமதி வழங்கியபோது, அதை அஃப்ளடாக்ஸின் பி-1 என்ற ஒரே விஷத்துக்கு எதிராக, கிலோ தீவனத்துக்கு 20 கிராமுக்கு மிகாமல் என்று வரையறுத்ததற்குக் காரணம் இதுவே. அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகமோ இன்னும் ஒருபடி மேலே போய், தீவனம் கட்டிபடாதிருக்க இந்த மண்ணைச் சேர்க்கலாம், விஷமுறிப்பான் என்று சொல்லி விற்கலாகாது என்கிறது. நம் சந்தையிலோ ‘எல்லா நச்சுக்களையும் பிணைக்கும்’ என்ற வாசகத்தை அச்சடிக்க எவருக்கும் கை நடுங்குவதில்லை.

மண் தானும் குற்றமற்றதாக இருக்கவேண்டுமே! 1997-இல் அமெரிக்காவில் கோழிகளிலும் வளர்ப்பு மீன்களிலும் டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு தென்பட்டு, அதன் மூலத்தைத் தேடிப் போனபோது, மிசிசிப்பி மாநிலத்துச் சுரங்கமொன்றிலிருந்து எடுத்துச் சோயாப் பிண்ணாக்கில் கலந்த களிமண்ணிடமே போய் நின்றார்கள். ஒரு விஷத்தைத் தடுக்க மண் சேர்ப்பவர், ஈயமும் டையாக்ஸினும் அதில் இல்லையென்ற சான்றை மூட்டைக்கு மூட்டை கேட்க உரிமையுடையவர். இன்னொன்று: மண்ணுக்கு நண்பன் பகைவன் என்ற பேதம் முழுவதும் தெரியாது. டைலோஸின் போன்ற மருந்துகளையும் அது பிடித்து வைத்துக்கொள்வதால், நோயுற்ற கோழிக்குக் கொடுத்த மருந்து வீணாகலாம். டைலோஸின் அடங்கிய மாக்ரோலைடு வகை மருந்துகளோடு பெண்டோனைட்டைச் சேர்த்துக் கொடுக்கலாகாது என்று ஐரோப்பிய விதியே எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கையை நம் ஊர்ப் பொட்டலங்களில் தேடிப் பார்ப்பவர் ஏமாறுவதற்கே வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் மண்ணின் தோஷங்கள். மனிதரின் தோஷம் வேறு. ஈரம் உலராத மக்காச்சோளத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதோடு ஒரு பைண்டரையும் வாங்கினால் மொத்தத்தில் லாபமே என்று கணக்கிடும் வியாபாரிக்கு, இந்த மண் ஒரு மன்னிப்புச் சீட்டாகிவிடுகிறது. களத்தில் கூடுதலாக இரண்டு வெயில் காயவைக்கவேண்டிய குவியல், காயாமலே கிடங்குக்குப் போகிறது. ஐரோப்பிய விதி இதை முன்னரே எதிர்பார்த்திருக்க வேண்டும்: விஷம் சட்ட வரம்புக்கு உட்பட்ட தீவனத்தில் மட்டுமே பெண்டோனைட்டைச் சேர்க்கலாம், வரம்பு மீறியதை அது சட்டத்துக்கு உகந்ததாக்காது என்று அது விதித்திருக்கிறது. முன்பே நல்லதாயுள்ள தீவனத்துக்கு எதற்கு மருந்து என்று கேட்பவருக்கு, வரம்புக்குள் அடங்கிய சிறிதளவு விஷமும் நாள்தோறும் சேர்ந்து பாலில் இறங்குகிறதே என்று விடை சொல்லலாம். களிமண் நியாயமாகச் செய்யக்கூடிய வேலை அந்தச் சிறிதளவைக் குறைப்பதுதான்.