கரிப் பொட்டு

எங்கள் ஊரான குத்துக்கல்வலசையில் பழைய வீட்டு விளக்குமாடத்தில் விரலை வைத்து இழுத்தால் கரி ஒட்டும். பாட்டி அதைப் பார்த்தே எண்ணெயின் தரத்தைச் சொல்லிவிடுவாள். காற்றிலுள்ள கரித்துகளை அளக்கும் எத்தலோமீட்டர் என்ற கருவியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடம்தான் நினைவுக்கு வரும். கரியால் கறுப்பாக்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

கருவியின் உள்ளே ஒரு வெள்ளை இழைநாடா. சிறு பம்பு அதன் வழியே காற்றை இழுக்க, கரித்துகள் பொட்டாகப் படியும். பொட்டின் ஊடே ஒளியைப் பாய்ச்சுவார்கள்; மறுபுறம் வரும் ஒளி எவ்வளவு மங்குகிறதோ, அதிலிருந்து கரியின் அளவு தெரியும். பொட்டு மிகவும் கறுத்துவிட்டால் நாடா தானே நகர்ந்து புது வெள்ளையை நீட்டும். எவ்வளவு எளிமை!

ஆர்க்டிக்கில், நார்வேயின் நை-ஆலசுண்டில், இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. எங்கள் ஊரிலிருந்து ஆரியங்காவு கணவாய்க்கு அப்பாலுள்ள திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மைய ஆய்வாளர்கள் அங்கே போய் இதே கருவியால் கரித்துகளை அளந்திருக்கிறார்கள். பக்கத்து செப்பலின் மலையில் 474 மீட்டர் உயரத்தில் மீத்தேனையும் கரியமில வாயுவையும் அளக்கும் நிலையம் இருக்கிறது. கீழே ஊர்ப்புகை கலந்துவிடக் கூடாதென்றே அந்த உயரம்.

நம் ஊரில் சாரல் காற்றைக் கழுவிவிடுகிறது. ஆர்க்டிக்கில் குளிர்காலத்தில் கழுவ மழை குறைவு. தொலைதூரப் புகை வந்து தங்கி, வசந்தத்தில் மூட்டமாகத் தெரியும். பனிமேல் படியும் கரி வெயிலை உறிஞ்சி உருகலை விரைவாக்கும். அங்கே காற்றிலுள்ள கரியை நானோகிராமில் எண்ணுகிறார்கள்: கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதுவும் அந்த நாடாவில் சாம்பல் நிறப் பொட்டாகப் பதிகிறது.